சாவியைக் கண்டாலே ஓடும் கோழிகள்

வேடங்குளம் கீழத்தெருவில் பாண்டீஸ்வரன் எப்போது வெளியே கிளம்புகிறார் என்று தெரிந்துகொள்ள, முன்பெல்லாம் ஜனங்கள் கொஞ்சம் மெனக்கெட வேண்டியிருந்தது. வாசல் கூட்டுகிற சாக்கில் எட்டிப் பார்க்க வேண்டும்; இல்லாவிட்டால் கறிவேப்பிலை கேட்டுக்கொண்டு அடுப்படி வரைக்கும் போக வேண்டும். அவர் கார் வாங்கி, அந்தக் கார் கத்தவும் தொடங்கிய பிறகு தெருவுக்கு அந்தச் சிரமம் இல்லாமல் போயிற்று.

கதவின் பூட்டைத் திறந்தால் போதும். திருவிழாக் கூட்டத்தில் தாலிச் சங்கிலியைப் பறிகொடுத்தவள் மாதிரி ஓர் அலறல். நான்கு மூலை விளக்குகளும் மினுக்கி மினுக்கி அணையும். பாண்டீஸ்வரன் வேட்டியைச் சுருட்டிக்கொண்டு உள்ளே பாய்ந்து, எஞ்சினைக் கிளப்பினால்தான் வாயை மூடும். அதற்குள் பால்சாமி டீக்கடை பெஞ்சில் இருப்பவர்கள், "பாண்டியண்ணே கெளம்பிட்டாக" என்று சொல்லிவிட்டு அடுத்த மடக்கைக் குடிப்பார்கள்.

கோழிகள்தான் முதலில் பாடம் படித்தன. களத்தில் காயப்போட்ட மிளகாய் வத்தலைச் சுற்றி மேய்கிற கோழிகள், அவர் சட்டைப்பையில் கையைவிட்டுச் சாவியை எடுத்ததுமே, சத்தம் வருமுன்னே இறக்கையை விரித்துக்கொண்டு ஓடி வைக்கோல் படப்புக்குப் பின்னால் பதுங்கிவிடும்.

பாண்டீஸ்வரனின் மனைவி ஜெகதீஸ்வரிக்கு மட்டும் அந்த அலறல் வேறு மாதிரிக் கேட்டது. காருக்குள் யாரோ உட்கார்ந்துகொண்டு ஆவலாதி சொல்லிப் புலம்புவதாகக் கேட்டது.

ஜெகதீஸ்வரியைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அவள் சந்தேகப்படாத பொருள் உலகத்தில் இல்லை. பால் ஊற்ற வருகிறவர் சிரித்தால் தண்ணீர் கலந்திருக்கிறார் என்பாள். சிரிக்காவிட்டால் நிறையக் கலந்திருக்கிறார் என்பாள். பொய் சொல்வானேன், பல சமயம் அவள் சொல்வது சரியாகத்தான் இருக்கும். அதுதான் கெடுதலாகிப் போனது.

கார் பந்தல்குடி ஒலி முகம்மது கொடுத்தது. சவுதியில் பல வருசம் இருந்துவிட்டு வந்து, தூத்துக்குடி ரோட்டில் வத்தல் கமிஷன் கடை வைத்திருக்கிறார். அவருடைய அத்தாவும் பாண்டீஸ்வரனுடைய அய்யாவும் ஒரே மாட்டுவண்டியில் சந்தைக்குப் போனவர்கள். பிள்ளைகள் இருவரும் 'மாப்ள', 'மச்சான்' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். வேடங்குளத்து வத்தலில் பாதி ஒலி முகம்மதுவின் தராசில்தான் ஏறும். மகன் ஆசாத்தும் வெளிநாடு போய்விட்டான், கார் சும்மா நின்றது. "வெளிய ஆருக்கும் குடுக்க மனசில்ல மாப்ள, நம்ம வீட்டுக்குள்ளயே கெடக்கட்டும்" என்று சொல்லிக் கொடுத்தார்.

வந்த புதிதில் கார் வாய் பேசாத பிள்ளையாகத்தான் இருந்தது. கண்ணு பட்டதுதான் வினை. எதிர்வீட்டுத் தங்கலட்சுமி வந்தாள், ஒரு சுற்றுச் சுற்றினாள், இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"ஏ ஜெகதீசு, என்னா மினுமினுப்பு! எண்ண தேச்ச எருமக்கன்னு மாதிரில்ல நிக்கிது!"

ஜெகதீஸ்வரிக்கு அது கண்ணேறாகவே பட்டது. அந்த வெள்ளிக்கிழமையே ஊருணிக்கரை கருப்பசாமி கோயிலுக்குப் போனாள். சொந்தக் காட்டு வத்தல், ஒரு எலுமிச்சம்பழம், ஒரு படிகாரக் கட்டி எல்லாவற்றையும் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கொண்டுபோய்ப் பூசாரியிடம் கொடுத்தாள். அவர் அதைச் சாமி காலடியில் வைத்து எடுத்துக் கொடுத்தார்.

"ஒங் கையாலயே கட்டு தாயி. கட்டுன கைதான் அவுக்கணும். வேற கை பட்டுச்சு, கருப்பன் அந்தக் கையக் கேப்பான்."

இது ஜெகதீஸ்வரிக்குப் புதிதல்ல, அந்தச் சுற்றுவட்டாரத்தில் எல்லாருக்கும் தெரிந்த விசயம். எங்கே கட்டுவது என்பதுதான் யோசனையாக இருந்தது. ஊரெல்லாம் கட்டுவதுபோல் வண்டியின் முகப்பில் தொங்கவிட்டால் தங்கலட்சுமி பார்ப்பாள். 'ஆரு கண்ணுக்குக் கட்டுன?' என்று கேட்பாள். எதிர்வீட்டுக்காரியிடம், உன் கண்ணுக்குத்தான் என்று சொல்ல முடியுமா? அதனால் பாண்டீஸ்வரன் காட்டுக்குப் போன நேரமாகப் பார்த்து, ஒருத்தர் பார்வையிலும் படாத இடத்தில் கட்டி முடித்தாள். கட்டுகிற வரைக்கும் பயம், கட்டிவிட்டால் மறதி. காப்பு என்பது அப்படித்தான்.

அந்த வாரமே கார் கத்தத் தொடங்கியது.

வேறு ஒருத்தியாக இருந்தால் என்ன நினைத்திருப்பாளோ. ஜெகதீஸ்வரி, கருப்பன் காட்டிக்கொடுத்துவிட்டான் என்று நினைத்தாள். காருக்குள் ஏற்கெனவே ஏதோ இருக்கிறது. காவல் போட்டதும் அதற்கு இருப்புக் கொள்ளவில்லை. கதவைத் திறக்கும்போதெல்லாம் வெளியே போக முண்டுகிறது, அலறுகிறது. அப்படியென்றால் இந்த வண்டியில் யாரோ செத்திருக்க வேண்டும். அதனால்தான் பாய் அவசர அவசரமாகத் தலையில் கட்டியிருக்கிறார்.

ஆதாரம் தேட ஆரம்பித்தாள். தேடினால் கிடைக்காமலா போகும்? பின்சீட்டில் ஒரு செம்பழுப்புக் கறை. வெற்றிலைக் கறை என்றார் பாண்டீஸ்வரன். பாய் வீட்டில் வெற்றிலை போடுகிற ஆள் யார் என்று கேட்டாள் இவள். சீட்டுக்கு அடியில் பட்டாம்பூச்சி போட்ட ஒரு தலைக்கிளிப்பு. அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். பாவம், எந்தப் பிள்ளையோ.

* * *

பாளையம்பட்டியிலிருந்து காளீஸ்வரன் என்கிற மெக்கானிக்கை வரவழைத்தார் பாண்டீஸ்வரன். பங்குனி வெயில் களத்தைப் பிளந்துகொண்டிருந்தது. ஜெகதீஸ்வரி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, வத்தலைக் காலால் துழாவிப் புரட்டிக்கொண்டிருந்தாள். கால் வத்தலில், கண் காரில்.

காளீஸ்வரன் முதலில் ரிமோட்டுக்குப் புது செல் போட்டான். பூட்டித் திறந்தான். அலறியது. கோழிகள் ஏற்கெனவே போய்விட்டிருந்தன.

"கதவுல உள்ள சுவிச்சு அடச்சிருக்கும்ணே. தெறந்து கெடக்கா மூடிக் கெடக்கான்னு வண்டிக்கு வெளங்காது." நான்கு கதவுகளின் இடுக்கிலும் மருந்து அடித்துத் துடைத்தான். பாண்டீஸ்வரன் காரிலும் வத்தல் மூட்டை ஏற்றுகிற ஆள். இடுக்கிலிருந்து வந்த மிளகாய்த் தூசியில் காளீஸ்வரன் கண்ணில் தண்ணீர் வரத் தும்மினான். பூட்டித் திறந்தான். அலறியது.

"பேட்டரி வீக்கா இருந்தாலும் இப்பிடித்தான் பயந்து கத்தும். பானட்டத் தூக்குவம்."

பானட்டைத் தூக்கியதும் அவன் முகம் அதற்குப் பின்னால் மறைந்துபோனது. களத்திலிருந்து ஜெகதீஸ்வரிக்குத் தெரிந்ததெல்லாம் அவன் கால்கள்தான். அந்தக் கால்கள் ஓரெட்டுப் பின்னால் போயின. பிறகு ஒன்றன்பின் ஒன்றாகச் செருப்பைக் கழற்றின.

வத்தலைத் துழாவிக்கொண்டிருந்த கால் அப்படியே நின்றது.

காளீஸ்வரன் பானட்டை மூடினான். பாண்டீஸ்வரனின் காதுக்குள் ஏதோ சொன்னான். பாண்டீஸ்வரன் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் பார்ப்பதைப் பார்த்ததும் தரையைப் பார்த்தார். காளீஸ்வரன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, டீகூடக் குடிக்காமல் பைக்கில் ஏறிவிட்டான்.

"என்னவாம்?"

"வண்டில ஒண்ணுமில்லயாம்."

"ஒண்ணுமில்லாததுக்கு எதுக்குச் செருப்பக் கழட்டுனான்?"

"காலு வேர்த்திருக்கும்."

"காலு வேர்க்கவும் காதுக்குள்ள போயி சொன்னானாக்கும்?"

பாண்டீஸ்வரன் வாயைத் திறந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, மூடிக்கொண்டு, "மாட்டுக்குத் தண்ணி காட்டணும்" என்று போய்விட்டார். மாட்டுக்கு அப்போதுதான் தண்ணீர் காட்டியிருந்தது.

ஜெகதீஸ்வரிக்கு விளங்கிவிட்டது. செத்தவர் இருக்கிற இடத்தில்தான் இப்படிச் செருப்பைக் கழற்றுவார்கள். மெக்கானிக்குக்குத் தெரிந்திருக்கிறது. புருசனுக்கும் தெரிந்துவிட்டது. சிநேகிதனைக் காட்டிக்கொடுக்க மனசில்லாமல் மறைக்கிறார்.

மறுநாள் மிளகாய்ப் பழம் எடுக்கப் போன இடத்தில் பேச்சு வெளியே வந்தது. கரிசல் வெடித்துக் கிடந்தது. சீமைக்கருவேல நிழல் என்று பேருக்கு இருந்த இடத்தில் பெண்கள் தூக்குவாளியைத் திறந்தார்கள். புளித்தண்ணிக் குழம்பு, சீனியவரை வத்தல், தங்கலட்சுமி கொண்டுவந்த சுட்ட கருவாடு. ஒரு சூறைக்காற்று சுழன்று வந்து எல்லார் சோற்றிலும் சமமாக மண்ணைப் போட்டுவிட்டுப் போனது.

"ஒங்க வண்டி இன்னைக்கும் கத்துச்சே" என்றாள் தங்கலட்சுமி, கருவாட்டைப் பிய்த்தபடி. "மெக்கானிக்கு வந்தும் தீரலயா?"

"தீர்ற நோவா அது?"

"என்ன நோவு?"

ஜெகதீஸ்வரி சொல்ல வேண்டாமென்றுதான் நினைத்தாள். ஆனால் நான்கு பெண்கள் சோற்றுக் கையை நிறுத்திவிட்டுப் பார்க்கும்போது சொல்லாமல் இருப்பதற்கு ஒரு தனிப் பிறவி வேண்டும்.

"பாய் குடுத்த வண்டில என்னமோ இருக்கு. ஆரோ போயிருக்காக அதுல. பாய்க்குத் தெரியும்."

"அடி ஆத்தீ!" என்றாள் தங்கலட்சுமி. அதற்குப் பிறகு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு சேதியை வைத்துக்கொண்டு சோற்றை எப்படி விழுங்குவது? அவள் புருசன் தங்கபாண்டி லோடு ஆட்டோ ஓட்டுகிறார்; தினமும் பந்தல்குடி போய் வருகிறவர். மதியம் காட்டில் 'என்னமோ இருக்கு' என்று கிளம்பிய பேச்சு, பொழுது சாய்கையில் பந்தல்குடி போய்ச் சேர்ந்தபோது, 'பிரேதம் ஏத்துன வண்டிய பாயி நல்ல வண்டின்னு வித்துட்டாரு' என்று கைகால் முளைத்திருந்தது.

* * *

ஒலி முகம்மது தானே வந்தார். வெள்ளைச் சட்டையில் மிளகாய்ச் சிவப்பு ஏறிக் கிடந்தது. கடையை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"வாங்கண்ணே" என்றாள் ஜெகதீஸ்வரி. உட்காருங்கள் என்று சொல்லவில்லை.

"இருக்கட்டும் தங்கச்சி. வண்டிய ஒரு பார்வ பாத்துக்கிறேன்."

அவரும் பானட்டைத் தூக்கினார். அவள் இந்தமுறை களத்தில் நிற்கவில்லை, ஜன்னலுக்குப் பின்னால் நின்றாள். அங்கிருந்து ஒரு பக்கமாகத் தெரிந்தது. அவர் கை உள்ளே நீண்டது. சுட்டதுபோல் சட்டென்று திரும்பி வந்தது. பிறகு பானட்டை, தூங்குகிற பிள்ளையை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல மெல்ல இறக்கினார்.

பாண்டீஸ்வரனும் அவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒனக்குத் தெரியுமா மாப்ள?"

"தெரியும் மச்சான்."

"சொல்லலயா?"

"எப்பிடிச் சொல்றது?"

ஜெகதீஸ்வரி ஜன்னல் கம்பியை விட்டுவிட்டு வாசலுக்கு நடந்தாள். இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஒலி முகம்மது வாசலுக்கு வந்தார். "தங்கச்சி, மனசுக்குப் பிடிக்காத வண்டி வாசல்ல நிக்க வேணாம். நா திருப்பி எடுத்துக்கிறேன். நாளைக்கு மாப்ளைய ஓட்டிட்டு வரச் சொல்லுங்க."

அவர் தண்ணீர்கூடக் கேட்காமல் போன பிறகு, சோற்றைப் போட்டுவிட்டு அவள் புருசன் பக்கம் திரும்பினாள். "குத்தம் இல்லாதவன் இப்பிடி ஒத்துக்கிருவானா?"

"அவன் நம்ம மொகத்துக்காகச் சொல்றான்."

"எம் மொகத்துக்கு என்ன? வண்டியக் கொண்டுபோயி விட்டுட்டு வாங்க. அதோட முடிஞ்சது. இனிமே நம்ம வத்தல் அவுக தராசுல ஏறக்கூடாது. நல்லது கெட்டதுக்கும் போக வேணாம்."

பாண்டீஸ்வரன் கையிலிருந்த சோற்று உருண்டையைத் தட்டிலேயே வைத்தார். "எங்கய்யா செத்தப்ப, கடையடச்சிட்டு வந்து மொத ஆளா நின்னது அவங்க அத்தா. அத ஒரு காரு சத்தத்துக்கு அத்துவிடச் சொல்ற."

"நா அத்துவிடச் சொல்லல. அவுக செஞ்சதுதான் அத்துவிடுது."

"ஜெகதீசு… ஒண்ணு கேட்டா கோவப்படுவியா?"

"கோவப்படுற மாதிரி கேட்டா கோவந்தான் படுவேன்."

அவர் கேட்கவில்லை. தட்டில் தண்ணீரை ஊற்றிக் கையைக் கழுவிவிட்டார். அவர் சோற்றை மிச்சம் வைத்து அவள் பார்த்ததில்லை. அது மனசில் உறுத்தியது. உறுத்தியதாலேயே, நாளைக்கு நானும் கூட வருவேன் என்று சொன்னாள். இந்த ஆம்பளைகள் இருவரையும் தனியாக விட்டால் பேசி மூடிவிடுவார்கள்.

* * *

பந்தல்குடியில் ஒலி முகம்மது வீட்டு வாசலில் காரைப் பூட்டிவிட்டு இறங்கினார்கள். ரோட்டில் லாரிகள் தூத்துக்குடிப் பக்கம் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. வீட்டை ஒட்டிய கடையில் அந்த நேரத்துக்கு மூட்டையும் கையுமாக ஆள் நிற்க வேண்டும். தராசுத் தட்டு வெறுமனே காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. ஜெகதீஸ்வரி அதைப் பார்த்தாள். பார்க்காததுபோல் உள்ளே போனாள்.

ஒலி முகம்மதுவின் மனைவி ரஹீமா நன்னாரி சர்பத்தும் காராச்சேவும் கொண்டுவந்து வைத்தாள்.

"எடுத்துக்கங்க மதினி."

ஜெகதீஸ்வரி டம்ளரைத் தொடவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கிளிப்பை எடுத்துப் பாயில் வைத்தாள். "இது ஆரு கிளிப்பு?"

அடுப்படி வாசலில் நின்ற மகள் ஆஃப்ரின் ஒரே பாய்ச்சலாக வந்தாள். அருப்புக்கோட்டையில் காலேஜ் படிக்கிறவள். "யம்மா! எங் கிளிப்பு! இத தூக்கிப் போட்டுட்டேன்னு என்னயப் போட்டு வஞ்சீகள்ல?"

"அப்ப பின்சீட்டுக் கற?"

"அதுவும் இவ வேலதான்" என்றாள் ரஹீமா. "மாதுளம்பழத்த வண்டில வச்சுத் திங்காதன்னு சொன்னா கேட்டாத்தானே."

ஜெகதீஸ்வரியிடம் இருந்த ஆதாரம் இரண்டும் கால் நிமிசத்தில் போயின. ஆனாலும் விடவில்லை. "அப்ப வண்டில ஆரும் சாகலயா?"

"வண்டில ஏறுனவுக எல்லாம் நல்லாத்தான் இருக்கோம். வண்டியப் பத்தி வந்த பேச்சுதான் எங்களக் கொல்லுது. நேத்து ரெண்டு பேரு, தராசுல வச்ச மூட்டையத் திருப்பி ஆட்டோல ஏத்திட்டுப் போயிட்டாக. பொணத்துல பொய் சொல்றவன் எடையில சொல்ல மாட்டானான்னு கேட்டாகளாம்." ரஹீமா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். அவள் புருசன் பக்கம் திரும்பினாள். "இன்னும் என்னத்துக்கு மூடி வைக்கிறீக? சொல்லுங்க."

"வேணாம் ரஹீமா" என்றார் ஒலி முகம்மது.

"பாத்தீகளா!" என்று எழுந்துவிட்டாள் ஜெகதீஸ்வரி. "மறைக்கிறாக! நா சொன்னேன்ல!"

"ஆமா மதினி, மறைக்கத்தான் செய்றாக. வாங்க, என்னத்தன்னு நா காட்டுறேன்." ரஹீமா அவள் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். "அண்ணே, பானட்டத் தூக்குங்க."

பாண்டீஸ்வரன் காரைத் திறந்தார். கார் அலறியது. பந்தல்குடியே திரும்பிப் பார்த்தது. எஞ்சினைக் கிளப்பி, சத்தத்தை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டுப் பானட்டைத் தூக்கினார்.

அங்கே ஜெகதீஸ்வரியின் கயிறு இருந்தது. எலுமிச்சம்பழம் கறுத்துச் சுருங்கிப் போயிருந்தது. படிகாரக் கட்டி எஞ்சின் சூட்டில் பொரிந்திருந்தது. வத்தல் மட்டும் அப்படியே சிவப்பாக இருந்தது. எல்லாம் சேர்ந்து, விளிம்போரம் முளைக்குச்சி மாதிரி நீட்டிக்கொண்டிருந்த ஒரு சின்னக் கறுப்புப் பொத்தானில் தொங்கின. கயிறு கட்டுவதற்கென்றே கம்பெனிக்காரன் வைத்த மாதிரி இருக்கிறதே என்று அவள் அன்றைக்கு நினைத்ததும் நினைவுக்கு வந்தது. பொத்தான் பாரம் தாங்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"இது ஆரு கட்டுனது மதினி?"

ஜெகதீஸ்வரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"வத்தலப் பாத்தாலே தெரியுது. ஒங்க காட்டு வத்தல். வருசம் பூராவும் நா கொட்டிப் பரப்புறதுதான?" ரஹீமா கயிற்றைத் தொடாமல், விரலால் காற்றிலேயே காட்டினாள். "மூடி எறங்கி இந்தக் குச்சிய அமுக்கணுமாம். அப்பத்தான் பானட்டு மூடியிருக்குன்னு வண்டி நம்பும். குச்சி சாஞ்சு கெடக்கா, மூடி அதுமேல படலை. ஆரோ பானட்டத் தெறந்து போட்டுட்டான்னு வண்டி முழிச்சுக்கிட்டே கெடக்கு. கதவத் தெறந்ததும், திருடன் வந்துட்டான்னு கத்துது. அம்புட்டுத்தான்."

பாதி புரிந்ததோ என்னவோ, சந்தேகப்பட்டுக்கொண்டே முழித்துக் கிடக்கிற ஒன்றின் பாடு மட்டும் ஜெகதீஸ்வரிக்கு நன்றாகப் புரிந்தது.

"நேத்தே பாத்துட்டேன் தங்கச்சி" என்றார் ஒலி முகம்மது. "ஆனா ஒங்க கருப்பசாமி கயித்துல நா எப்பிடிக் கை வைக்க? நாளைக்கு ஒங்க வீட்டுக் கோழி ஒண்ணு தூங்கி விழுந்தாக்கூட, பாயி கயித்த அத்துட்டாருன்னு ஆயிரும்."

"வாயால சொல்லலாம்லண்ணே."

"சொன்னா, வண்டிக் குத்தத்த மறைக்கச் சாமி மேல பழி போடுறேன்னு சொல்லுவீகன்னு பயந்துட்டேன்."

சொல்லியிருப்பாள்தான். அது அவளுக்கே தெரிந்தது. புருசன் பக்கம் திரும்பினாள். "அந்த மெக்கானிக்கு?"

"சாமி கயிறு, செருப்புக் காலோட நிக்கக் கூடாதுன்னு கழட்டுனான். கட்டுனவுகதான் அவுக்கணும், வீட்ல சொல்லுங்கண்ணேன்னான்."

"எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"ஒங்கிட்டயா?" என்றார் பாண்டீஸ்வரன். ஒரு முடிச்சுக்கு மூன்று ஆம்பளைகள் பயந்து நின்ற கதை அந்த ஒரு வார்த்தைக்குள் அடங்கிவிட்டது.

ஜெகதீஸ்வரி செருப்பைக் கழற்றினாள். "கருப்பா, பொறுத்துக்க" என்று முணுமுணுத்துக்கொண்டு முடிச்சில் கையை வைத்தாள். கட்டும்போது வரிந்து கட்டியிருந்தாள். நகம் பெயரும்போல ஆகித்தான் அவிழ்ந்தது. பொத்தானை விரலால் நிமிர்த்தினாள். பாண்டீஸ்வரன் பானட்டை இறக்க, இத்தனை நாள் கேட்காத மாதிரி 'டப்'பென்று இறுகி மூடியது.

"சாவியக் குடுங்க."

அவளே பூட்டினாள். கொஞ்சம் பொறுத்தாள். ஆஃப்ரின் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். ஜெகதீஸ்வரி கதவைத் திறந்தாள்.

லாரிச் சத்தம் கேட்டது. எங்கோ வத்தல் மூட்டை தைக்கிற சத்தம் கேட்டது. காரிலிருந்து ஒன்றும் கேட்கவில்லை. பொத்திய காதை ஆஃப்ரின் ஒவ்வொன்றாகத் திறந்தாள்.

ஜெகதீஸ்வரி யாரையும் பார்க்காமல் வீட்டுக்குள் போனாள். பாயில் உட்கார்ந்து, சூடேறிப்போன சர்பத்தை ஒரே மூச்சில் குடித்தாள்.

"ஐஸ் போட்டு வேற தாரேன் மதினி" என்றாள் ரஹீமா, பின்னாலேயே வந்து.

"வேணாம். இது எனக்கு வச்சது."

ரஹீமா காலி டம்ளரைக் கையில் எடுத்தாள். ஆனால் உள்ளே போகவில்லை. "இங்க குடிச்சிட்டீக, சந்தோசம். ஊருக்குள்ள சொன்னத என்ன செய்வீக?"

* * *

திரும்பி வருகிற வழியெல்லாம் கயிறு மடியில் கிடந்தது. ஜெகதீஸ்வரி பொய்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். எலி வயரைக் கடித்துவிட்டது என்று சொல்லலாம். கருப்பன் சாந்தமாகிவிட்டான் என்று சொல்லலாம். எதைச் சொன்னாலும் கார் சரியாகும்; ஒலி முகம்மதுவின் தராசில் மூட்டை ஏறாது. உண்மையைச் சொன்னால்தான் ஏறும். அந்த உண்மையின் நுனியிலோ தங்கலட்சுமி உட்கார்ந்திருந்தாள்.

நிஜத்திலும் உட்கார்ந்துதான் இருந்தாள். பால்சாமி கடைக்கு எதிரில், கல்லில். கார் வந்து நின்றதும் எழுந்து வந்தாள். டீக்கடை பெஞ்சும் சேர்ந்து வந்தது.

"வண்டியக் குடுத்துட்டு பஸ்ஸுல வருவீகன்னு பாத்தா, வண்டிலயே வாறீக? பாய் திருப்பி எடுக்க மாட்டேன்னுட்டாரா?"

ஜெகதீஸ்வரி இறங்கினாள். கதவைச் சாத்தி, பூட்டி, எல்லார் முன்னாலும் திறந்து காட்டினாள். காதைப் பொத்தப் போன கைகள் பாதியில் நின்றன.

"அட! பேய ஓட்டியாச்சா?"

"பேயுமில்ல, பிசாசுமில்ல. பாய் வண்டில ஒரு குத்தமும் இல்ல. நாந்தான் பானட்டுக்குள்ள கயிறு கட்டி வண்டிய மெரள விட்டுருக்கேன். நா சொன்னது தப்பு. ஏய் பால்சாமி, கேட்டுக்கிட்டியா? கடைக்கு வாரவுககிட்ட எல்லாம் சொல்லு. எங்க வத்தல் நாளைக்கு அவுக தராசுக்குத்தான் போகுது." கயிற்றைத் தூக்கிக் காட்டினாள். கறுத்த எலுமிச்சம்பழம் ஆடியது.

தங்கலட்சுமி கயிற்றைப் பார்த்தாள். ஜெகதீஸ்வரியைப் பார்த்தாள். பிறகு, எதற்குப் பயந்து இத்தனையும் நடந்ததோ அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"ஆரு கண்ணுக்குக் கட்டுன?"

பெஞ்சுக்காரர்கள் ஓரெட்டு முன்னால் வந்தார்கள். பாண்டீஸ்வரன் காருக்கு அந்தப் பக்கமாக நகர்ந்துகொண்டார்.

"ஒங் கண்ணுக்குத்தான்" என்றாள் ஜெகதீஸ்வரி. "எருமக்கன்னுன்னியே, அதுக்கு."

தங்கலட்சுமி மூக்கு விடைத்தது. சண்டைக்கு எல்லாம் தயாராக இருந்தது. ஆனால் அவள் இடுப்பில் வைத்த கையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"அடி சண்டாளி! எனக்குக் கட்டுனியா? ஒங் கண்ணுக்கு நா எம் மோட்டார் ரூம்புல கட்டி ரெண்டு வருசமாச்சுடி!"

"எங் கண்ணுக்கா?" ஜெகதீஸ்வரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உண்மையான கோபம். "அந்த ஓட்ட மோட்டாருக்கு நா எதுக்குடி கண்ணு வைக்கப் போறேன்? தண்ணி எறைக்கிற நேரத்தவிட நின்னு கெடக்குற நேரந்தான் கூட!"

"ஆமா, நின்னு நின்னுதான் போகுது. கரண்டு சரியில்லன்னு அவரு கத்திக்கிட்டுத்தான் கெடக்காரு."

ஜெகதீஸ்வரியின் கண் இடுங்கியது. அந்தப் பார்வை வந்துவிட்டால் சும்மா விடமாட்டாள்.

"எதுல கட்டிருக்க?"

"சுவிச்சுப் பெட்டில, நீட்டிக்கிட்டு இருக்குமே ஒரு கைப்பிடி…" தங்கலட்சுமி பேச்சை நிறுத்தினாள். கடைசியாகத் தன் வாயையே சந்தேகப்பட்டவள்போல மெல்ல மூடினாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நட" என்றாள் ஜெகதீஸ்வரி. "கட்டுன கைதான் அவுக்கணும். நா சும்மா நின்னு பாக்குறேன். தங்கபாண்டியண்ணன மெயின நிப்பாட்டச் சொல்லு மொதல்ல."

இருவரும் கரிசல் வரப்பில் முன்னும் பின்னுமாகப் போனார்கள், யாருடைய கண் கெட்ட கண் என்று சத்தமாகப் பேசிக்கொண்டே.

பாண்டீஸ்வரன் காரை நிழலில் நிறுத்தலாம் என்று சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தார். களத்தில் மேய்ந்த கோழிகள் அத்தனையும் விழுந்தடித்துக்கொண்டு படப்புக்குப் பின்னால் ஓடின. அவர் கதவைத் திறந்தார். சத்தமில்லை. சேவல் மட்டும் கழுத்தை நீட்டி, ஒரு கண்ணைச் சாய்த்துக் காரைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

வேடங்குளத்தில் வளர்ந்த சேவல். அவ்வளவு லேசில் நம்பிவிடுமா?